தேர்தல் தோல்வியும் கட்சியின் திசையும்: கல்முனைக் கரையோர முஸ்லிம் அரசியல் பற்றிய ஒரு நோக்கு

தேர்தலில் தோல்வியுற்ற கட்சி தன் தோல்விக்கான காரணத்தை வேட்பாளரின் தகுதியின்மையிலோ, பணத்தின் போதாமையிலோ, எதிரணியின் சூழ்ச்சியிலோ தேடுவது வழக்கம். தனது சமூக அடித்தளம் எது, அவ்வடித்தளத்தின் நலன்களைத் தான் மெய்யாகவே பிரதிநிதித்துவப்படுத்தியதா என்னும் வினாவைத் தன்னை நோக்கியே எழுப்புவது அரிது. அவ்வினாவை எழுப்பாத கட்சிக்கு, அடுத்த தேர்தலில் யாருடைய மேடையில் ஏறுவது என்பதே எதிர்காலத் திட்டமாக அமைந்துவிடுகிறது.

கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில், கல்முனையை நடுவாகக் கொண்ட தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களின் அரசியல் வரலாற்றில் இத்தகைய தோல்விகள் பல நிகழ்ந்துள்ளன. அவற்றுள் இரண்டு இங்கு எமது கவனத்துக்குரியன. ஒன்று, 1977 ஜூலைப் பொதுத்தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியினர் அடைந்த தோல்வி. மற்றது, அத்தோல்வியின் விளைவாகத் தோன்றிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 2024 நவம்பர்ப் பொதுத்தேர்தலில் கண்ட பின்னடைவு. இவ்விரண்டுக்கும் இடையே ஓர் ஒற்றுமை உண்டு. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களுள் 140ஐப் பெற்றது; 2024இல் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களுள் 159ஐப் பெற்றது. இரு தருணங்களிலும் ஆட்சி அமைப்பதற்குச் சிறு கட்சி எதனுடைய ஆதரவும் வேண்டியிருக்கவில்லை. பேரம் பேச இயலாத இந்நிலையிலே ஒரு சிறுபான்மைக் கட்சி எதைச் செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருளாகும்.

1. கரையோரத்தின் சமூக அமைப்பு

வடக்கே மருதமுனை தொடக்கம் தெற்கே பொத்துவில் வரை கடலை ஒட்டி அமைந்த ஊர்களை வரிசைப்படுத்தி நோக்கின் ஓர் உண்மை புலப்படும். மருதமுனை முஸ்லிம் ஊர். அதனையடுத்துப் பாண்டிருப்பு தமிழூர். கல்முனை நகரில் இரு சமூகத்தவரும் வாழ்கின்றனர். சாய்ந்தமருது முஸ்லிம் ஊர், காரைதீவு தமிழூர், நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை முஸ்லிம் ஊர்கள். அக்கரைப்பற்றில் இரு சமூகத்தவரும் உளர். அதற்கப்பால் தம்பிலுவில், திருக்கோவில் ஆகிய தமிழூர்கள். உள்நிலத்திலே சம்மாந்துறைக்கு அருகில் வீரமுனை. இவ்வமைப்பில் எந்தவொரு சமூகத்தின் அரசியல் முடிவும் மறு சமூகத்தின் எல்லையில் போய் முட்டாமல் இருக்க இயலாது. மொழி ஒன்று, தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்தவர்க்கும் பொது, வயலும் வாய்க்காலும் பொது. எனினும் சமயமும், சமயத்தின் வழி அமைந்த சமூகத் தலைமையும் வேறு.

இப்பகுதியின் பொருளாதார அடித்தளம் நெல் வேளாண்மை. மருதமுனையின் கைத்தறி, கரைவலை மீன்பிடி, சிறு வணிகம் ஆகியன அதற்கு அடுத்த நிலையின. நெடுங்காலம் இங்கு சமூகத் தலைமை நிலவுடைமையாளரான போடிமாரிடமும், பள்ளிவாசல்களிலே குடிவழி வந்த மரைக்கார்மாரிடமும் இருந்தது. போடியாருக்குக் கீழே குத்தகைக்காரரும் கூலி விவசாயிகளும் இருந்தனர். வாக்குரிமை வந்தபின்னரும் இவ்வுறவு உடனே மாறவில்லை. போடியாரின் சொல்லே வயலில் வேலை செய்தவரின் வாக்காகவும் பெரும்பாலும் அமைந்தது.

இவ்வமைப்பை இரு ஆற்றல்கள் அசைத்தன. முதலாவது, கல்லோயாத் திட்டம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டதும் நீரின் மீதான அதிகாரம் ஊரிலிருந்து அரச திணைக்களங்களுக்குச் சென்றது. மேற்பகுதியிலே குடியேற்றங்கள் எழுந்தன. அவற்றிற் பெரும்பாலானவற்றில் சிங்கள மக்கள் குடியமர்த்தப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவாயிற்று. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்ட மக்கள்தொகையில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 41 வீதம், சிங்களவர் 38 வீதம், தமிழர் 20 வீதம். தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டத்தின் நிருவாகத் தலைமையகம் சிங்கள மக்கள் வாழும் அம்பாறை நகரில் அமைந்தது. காணி உறுதி, நீர், வீதி, தொழில் என எதற்கும் கரையோர விவசாயி அரசையே நாடவேண்டியவனானான்.

இரண்டாவது ஆற்றல் கல்வி. 1945இல் ஏற்பட்ட இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும், அட்டாளைச்சேனை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை, கல்முனை ஸாஹிறாக் கல்லூரி போன்ற நிறுவனங்களும் தமிழில் கற்ற ஒரு புதிய மத்தியதர வர்க்கத்தை உருவாக்கின. ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், சட்டத்தரணிகள் ஆகியோரைக் கொண்ட இவ்வர்க்கம் போடிமாரின் தலைமையையும் கொழும்பு வணிக முஸ்லிம்களின் தலைமையையும் ஒருங்கே வினாவத் தொடங்கியது. பிற்காலத் தனிக்கட்சியின் விதை இவ்வர்க்கத்திலேயே உள்ளது.

2. தமிழரசுக் கட்சியும் கட்சிமாறலும்

1949 டிசெம்பரில் தோன்றிய இலங்கைத் தமிழரசுக் கட்சி, ‘தமிழ் பேசும் மக்கள்’ என்னும் தொடரைத் தன் அரசியலின் மையமாகக் கொண்டது. கிழக்கு முஸ்லிம்களையும் உள்ளடக்கும் நோக்குடனேயே அத்தொடர் கையாளப்பட்டது. 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தத்தில், வடமாகாணம் ஒரு பிராந்தியமாகவும் கிழக்கு மாகாணம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிராந்தியங்களாகவும் அமையலாம் என்று கூறப்பட்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. கிழக்கின் பன்முகத் தன்மையை அன்றைய தமிழ்த் தலைமை ஓரளவு உணர்ந்திருந்தது எனலாம்.

தேர்தலிலும் இதற்குப் பயன் கிடைத்தது. 1956இல் கல்முனையில் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் சார்பில் வெற்றி பெற்றனர். ஆயின் இருவரும் பின்னர் அரசாங்கத்தின் பக்கம் சென்றனர். 1960 ஜூலையில் கல்முனையில் அதே கட்சியின் சார்பில் வென்ற எம். சி. அகமதுவும் அவ்வாறே கட்சி மாறினார். 1970இல் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் உறுப்பினராகவே அவர் தெரிவானார். மூதூரிலும் இதே போக்கைக் காணலாம்.

இக்கட்சிமாறல்களைத் தனிமனிதரின் துரோகம் என்று மட்டும் விளக்கிய தமிழ் மேடைப் பேச்சுகள் ஆய்வுக்கு உதவா. ஒரே தொகுதியில் ஒருவர் பின் ஒருவராக இது நிகழுமாயின் அதற்கு அமைப்பு முறையிலான காரணம் ஒன்று இருத்தல் வேண்டும். நெல் விளைவிக்கும் ஒரு தொகுதியில் பாராளுமன்ற உறுப்பினர் அரசுக்கும் விவசாயிக்கும் இடைநின்ற தரகர். வாய்க்கால் திருத்தமும் காணி அனுமதிப்பத்திரமும் ஆசிரியர் நியமனமும் அவர் கையினூடாகவே வந்தன. நிலையாக எதிர்க்கட்சியில் அமரும் ஒரு கட்சியின் உறுப்பினரால் இவற்றைப் பெற்றுத்தர இயலாது. யாழ்ப்பாணத்துப் படித்த வாக்காளருக்கு மொழியுரிமை முதற் பிரச்சினையாக இருந்த காலத்தில், கல்முனை விவசாயிக்கு நீரே முதற் பிரச்சினையாக இருந்தது. மேலும், இலங்கை முஸ்லிம்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வடகிழக்குக்கு வெளியே சிங்கள மக்களிடையே வாழ்பவர்கள். அவர்களது பாதுகாப்பையும் வணிகத்தையும் கருதிய கொழும்புத் தலைமை, ஆளும் கட்சியோடு ஒட்டி வாழும் கொள்கையையே கிழக்குக்கும் விதித்தது.

3. 1977: தோல்வியின் இயல்பு

1970களின் நடுப்பகுதியில் இந்நிலை மாறுவதற்கான அறிகுறிகள் தென்பட்டன. 1976 பெப்ரவரியில் புத்தளம் பள்ளிவாசலில் பொலிஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டபோது, அரசாங்கத்தில் இருந்த முஸ்லிம் பிரதிநிதிகள் காத்த மௌனம் கிழக்கின் இளைஞரிடையே பெரும் சினத்தைத் தோற்றுவித்தது. ஆளும் கட்சியோடு ஒட்டி வாழ்வது பாதுகாப்புத் தரும் என்ற நெடுநாள் வாதம் பொய்த்தது. அதே ஆண்டு மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. 1977 தேர்தலுக்கு முன்னதாக, கல்முனையைச் சேர்ந்த இளம் சட்டத்தரணி எம். எச். எம். அஷ்ரப் உள்ளிட்டோர் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியை அமைத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உடன்பாடு கொண்டனர். முன்னணியின் வேட்பாளர்கள் உதயசூரியன் சின்னத்தில் நின்றனர்.

1977 ஜூலை 21இல் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்றது. அவற்றுள் 14 வடக்கிலும் 4 கிழக்கிலும் கிடைத்தன. அப்பதினெண்மருள் ஒருவரேனும் முஸ்லிம் அல்லர். கல்முனையில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ. ஆர். மன்சூர் வென்றார், சம்மாந்துறையும் அக்கட்சிக்கே சென்றது. இரட்டை அங்கத்தவர் தொகுதியான பொத்துவிலில் ஓர் ஆசனம் ஐக்கிய தேசியக் கட்சியின் முஸ்லிம் வேட்பாளருக்கும் மற்றது கூட்டணியின் தமிழ் வேட்பாளர் எம். கனகரத்தினத்துக்கும் கிடைத்தன. அவரும் அவ்வாண்டு டிசெம்பரிலேயே ஆளுங்கட்சிக்கு மாறினார்.

இத்தோல்வியை நாடெங்கும் வீசிய ஐக்கிய தேசியக் கட்சி அலையின் விளைவு என்று மட்டும் கூறுவது போதாது. அதே அலை வடக்கில் கூட்டணியைத் தொடவில்லை. ஆகவே, கிழக்கு முஸ்லிம் வாக்காளர் எதை மறுத்தனர் என்று நோக்குதல் வேண்டும். முன்னணி மூன்று குறைபாடுகளை உடையதாக இருந்தது. முதலாவதாக, அது தேர்தலுக்கென அமைந்த இயக்கம். ஊர்களில் அதற்குக் கிளைகளோ, விவசாயிகளிடையே அமைப்போ இருக்கவில்லை. இரண்டாவதாக, தனியரசு என்னும் முழக்கத்துள் முஸ்லிம்களின் இடம் யாது, நிலமும் உள்ளூர் அதிகாரமும் எவ்வாறு பகிரப்படும் என்ற வினாவுக்கு வாக்காளருக்கு விளங்கத்தக்க விடை மேடையில் கிடைக்கவில்லை. மூன்றாவதாக, இரவற் சின்னத்தில் நின்ற கட்சி இரவற் கட்சியாகவே கருதப்பட்டது. தமிழ் வாக்குகள் மட்டும் முஸ்லிம் பெரும்பான்மைத் தொகுதிகளில் வெற்றிக்குப் போதியனவல்ல. முஸ்லிம் விவசாயியோ தனது நீருக்கும் காணிக்கும் இம்முன்னணியால் என்ன பயன் என்று கேட்டான். கேட்டதற்குரிய விடை கிடைக்கவில்லை.

4. தோல்விக்குப் பின் தோன்றிய மூன்று பாதைகள்

தோல்வியுற்றோர் முன் அன்று மூன்று பாதைகள் இருந்தன. வென்ற கட்சியிற் சேர்ந்து ஊருக்கு ‘அபிவிருத்தி’ தேடுவது ஒன்று. தமிழர் விடுதலைக் கூட்டணியுள்ளேயே இருந்து முஸ்லிம்களின் கோரிக்கைகளை வலியுறுத்துவது மற்றொன்று. மூன்றாவது, தனிக்கட்சி.

முதற் பாதையின் எல்லை விரைவில் தெரிந்தது. ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை கொண்ட அரசாங்கத்தில் ஒரு முஸ்லிம் உறுப்பினரின் குரல் கூடுதலான ஒரு கைதூக்கலே. இரண்டாவது பாதை, கூட்டணி தமிழ் இளைஞரிடம் தன் செல்வாக்கை இழந்து, அரசியல் தலைமை ஆயுத இயக்கங்களிடம் சென்றதும் தானாகவே அடைபட்டது. முஸ்லிம் சட்டத்தரணியும் ஆசிரியரும் உரையாடக்கூடிய மேடைகள் இல்லாது போயின.

மூன்றாவது பாதை 1981 செப்டெம்பர் 21இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கப்பட்டதோடு திறந்தது. 1986 நவம்பரில் கொழும்பில் நடந்த மாநாட்டோடு அஷ்ரப்பின் தலைமையில் அது நாடளாவிய அரசியல் கட்சியாயிற்று. 1985 ஏப்பிரலில் காரைதீவுப் பகுதியிலும் கிழக்கின் பிற இடங்களிலும் நிகழ்ந்த தமிழ்–முஸ்லிம் கலவரங்கள், முஸ்லிம்களைக் கலந்தாலோசிக்காது வடக்கையும் கிழக்கையும் இணைத்த 1987 ஜூலை 29இன் இலங்கை–இந்திய ஒப்பந்தம் ஆகியன அதன் வளர்ச்சியை விரைவுபடுத்தின. 1988 நவம்பர் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் 71 ஆசனங்களுள் 17ஐ அது பெற்றது. உதயசூரியன் சின்னத்தில் ஓர் ஆசனமும் பெறாத அரசியல், பதினொரு ஆண்டுகளில் மரச் சின்னத்தில் இரண்டாவது பெரிய கட்சியாயிற்று.

இவ்வளர்ச்சியைச் சமூக உணர்வின் எழுச்சியாக மட்டும் விளக்குதல் முழுமையாகாது. தேர்தல் முறைமையின் பங்கும் இங்கு முதன்மையானது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தொகுதிவாரி முறையை நீக்கி விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. ஆனால் ஒரு மாவட்டத்தில் 12.5 வீத வாக்குகளுக்குக் குறைவாகப் பெறும் கட்சிக்கு ஆசனம் இல்லை என்ற வெட்டுப்புள்ளி, சிதறி வாழும் சமூகங்களின் கட்சிகளுக்குப் பெருந்தடையாக இருந்தது. 1988 டிசெம்பரில் பதினைந்தாவது திருத்தத்தின் வழி அது 5 வீதமாகக் குறைக்கப்பட்டது. சனாதிபதித் தேர்தலை எதிர்நோக்கியிருந்த ரணசிங்க பிரேமதாசாவோடு முஸ்லிம் காங்கிரஸ் நடத்திய பேச்சின் பெறுபேறு இது. இம்மாற்றத்தால் நாட்டின் ஏனைய சிறு கட்சிகளும் பயனடைந்தன. தன் சமூகத்துக்காகக் கேட்ட ஒன்று பொது உரிமையாகவும் விரிந்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

5. பேரம் பேசும் அரசியலின் பேறும் விலையும்

1989 பொதுத்தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களைப் பெற்றது. 1994 ஓகஸ்டில் அது 7 ஆயிற்று. பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்களே கிடைத்திருந்தமையால் அவ்வேழு ஆசனங்களே ஆட்சியைத் தீர்மானித்தன. அஷ்ரப் துறைமுகங்கள், கப்பற்றுறை, புனர்வாழ்வு ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சரானார். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்காலத்தின் நிலைத்த பேறு.

கேரளத்தோடு ஓர் ஒப்புநோக்கு இங்கு பயன்தரும். 1948இல் சென்னையில் மறுவுருப் பெற்ற இந்திய யூனியன் முஸ்லிம் லீக், கேரளத்தில் கூட்டணி அரசுகளில் இடம்பெற்றது. 1968இல் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகமும் 1969இல் மலப்புறம் மாவட்டமும் அத்தகைய ஆட்சிக்காலத்திலேயே உருவாயின. தனிச்சின்னம், கூட்டணி, பல்கலைக்கழகம் என்னும் வரிசை இரு இடங்களுக்கும் பொது. ஆயினும் மலப்புறத்தில் ஒரு மாவட்டத்தின் நிருவாகமே கிடைத்தது. அம்பாறைக் கரையோரத்தில் தமிழ் பேசுவோருக்கான தனி நிருவாக மாவட்டக் கோரிக்கை கோரிக்கையாகவே நின்றது. கேரளத்து நிலச்சீர்திருத்தம் குத்தகை விவசாயிக்கு நிலவுரிமை வழங்கியது. இங்கோ நிலப் பிரச்சினை இனப் பிரச்சினைக்குள் புதைந்து, கட்சியின் செயற்றிட்டத்தில் உரிய இடம் பெறவில்லை.

1990ஆம் ஆண்டு இரு சமூகங்களுக்கும் இடையே ஆழமான பிளவை ஏற்படுத்தியது. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனையில் கோயிலிலே தஞ்சம் புகுந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் தம் வாழிடங்களினின்று வெளியேற்றப்பட்டனர். இந்நிகழ்வுகளின்பின் தனிக்கட்சி என்பது அரசியல் தெரிவாக மட்டுமன்றிப் பாதுகாப்பின் அடையாளமாகவும் முஸ்லிம் மக்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. எனினும் அச்சத்தினால் திரண்ட வாக்கு, அச்சம் தணிந்ததும் ஊர்வாரியாகப் பிரியக்கூடியது என்பதைத் தலைமை கருதவில்லை.

2000 செப்டெம்பர் 16இல் அரநாயக்காவில் நிகழ்ந்த ஹெலிகொப்டர் விபத்தில் அஷ்ரப் மறைந்தார். அதன்பின் கட்சி பிளவுபட்டது. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு ஏ. எல். எம். அதாவுல்லாவின் தேசிய காங்கிரஸும், வன்னியை மையமாகக் கொண்டு றிஷாட் பதியுதீனின் கட்சியும் தோன்றின. இப்பிளவுகளைத் தலைவர்களின் பேராசையாக மட்டும் காண்பது, முன்னர் தமிழரசுக் கட்சியினர் கட்சிமாறலைத் துரோகமாகக் கண்டதற்கு ஒப்பான பிழை. விருப்பு வாக்கு முறை ஒரே பட்டியலில் நிற்போரையே ஒருவருக்கொருவர் எதிரியாக்கியது. சம்மாந்துறை தன் உறுப்பினரை வேண்டியது. நிந்தவூர் தன் உறுப்பினரை வேண்டியது. பொத்துவில் தனக்கு என்றும் இல்லையே என்று வருந்தியது. தேசியப் பட்டியல் ஆசனம் ஊர்களுக்கு வாக்களிக்கப்படும் பரிசாயிற்று. குடியும் பள்ளிவாசலும் இருந்த இடத்தில் ஊரும் வேட்பாளரும் வந்தமர்ந்தன. 2018 உள்ளூராட்சித் தேர்தலில், தனிச் சபை வேண்டிய சாய்ந்தமருது மக்கள் பள்ளிவாசலின் ஆதரவு பெற்ற சுயேச்சைக் குழுவுக்கே வாக்களித்தமை இதன் உச்சநிலை.

பேரத்துக்குரிய பொருளும் காலப்போக்கில் மாறியது. 1988இல் சட்டத்தையே மாற்றக் கேட்ட கட்சி, பின்னர் அமைச்சுப் பொறுப்புகளைக் கேட்டது. 2010இல் சனாதிபதியின் பதவிக்கால எல்லையை நீக்கிய பதினெட்டாவது திருத்தத்துக்கு அது வாக்களித்தது. 2020 ஒக்டோபரில் சனாதிபதியின் அதிகாரத்தை மீண்டும் பெருக்கிய இருபதாவது திருத்தத்துக்குக் கட்சித் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிராக வாக்களிக்க, ஏனைய உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களித்தனர். கொவிட் தொற்றால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் குடும்பத்தாரின் விருப்புக்கு மாறாக எரிக்கப்பட்ட காலம் அது. புத்தளத்துத் துப்பாக்கிச் சூட்டின்போது அரசாங்கத்து முஸ்லிம் பிரதிநிதிகள் காத்த மௌனத்தைக் கண்டித்து எழுந்த தலைமுறையின் கட்சி, நாற்பத்து நான்கு ஆண்டுகளின்பின் அதே இடத்தில் வந்து நின்றது.

6. 2024: தோல்வியின் இயல்பு

2024 செப்டெம்பர் சனாதிபதித் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் ஆதரித்த சஜித் பிரேமதாச திகாமடுல்ல மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். எட்டு வாரங்களுக்குள் நடந்த பொதுத்தேர்தலில் அம்மாவட்டத்தின் 7 ஆசனங்களுள் 4ஐத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. முஸ்லிம் காங்கிரஸ், அகில இலங்கை மக்கள் காங்கிரஸ், இலங்கைத் தமிழரசுக் கட்சி ஆகியவற்றுக்குத் தலா ஓர் ஆசனமே கிடைத்தது. 2015இல் ஐக்கிய தேசியக் கட்சியின் பட்டியலில் நின்று இம்மாவட்டத்தில் மூன்று உறுப்பினரைப் பெற்றிருந்த முஸ்லிம் காங்கிரஸுக்கு இது பெரும் இறக்கம். 2012 மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் 43 வீதத்துக்கு மேலும் தமிழர் 17 வீதமுமாக, மொத்தத்தில் ஐந்தில் மூன்று பங்கினர் தமிழ் பேசும் மாவட்டம் இது.

ஒவ்வோர் ஆட்சி மாற்றத்திலும் வென்றவரோடு இணைந்து பழகிய கட்சிக்கு, எவரும் தேவைப்படாத அரசாங்கம் ஒன்று அமைந்திருப்பது வெறும் ஆசன இழப்பினும் பெரிய நெருக்கடி. ஏழு ஆசனங்களால் ஆட்சியை நிறுவிய 1994ஆம் ஆண்டின் கணக்கு, 159 ஆசனங்களின் முன் செல்லாது. பேரம் பேசும் ஆற்றலே கட்சியின் பயன் என்று மக்களுக்குக் கற்பித்தாயிற்று. அவ்வாற்றல் இல்லாத வேளையில் கட்சியே எதற்கு என்று அவர்கள் கேட்பது இயல்பு. ஊழலையும் குடும்ப ஆதிக்கத்தையும் எதிர்த்த ஒரு தேசிய அலையை நோக்கி முஸ்லிம் இளைஞரில் ஒரு பகுதியினர் ஈர்க்கப்பட்டதை, சமூகத்துக்கு இழைத்த துரோகமாகக் கொள்ள இயலாது. அவர்கள் எழுப்பிய வினாக்கள் தம் கட்சித் தலைமையை நோக்கியும் எழுப்பப்பட்டவையே.

7. எதிர்காலத் திசை

1977இன் பின் தோன்றிய அதே மூன்று பாதைகள் இன்றும் உருமாறி நிற்கின்றன. ஆளுங்கட்சியில் கரைதல், பெரிய எதிர்க்கட்சியின் பட்டியலில் ஒதுங்குதல், தனித்து நிற்றல். இவற்றுள் எது என்ற வினாவோடு ஆய்வை முடிப்பது போதாது என்பதே எமது கருத்து. 1977இன் தோல்வி சொந்தப் பெயர் இல்லாமையின் தோல்வி. 2024இன் தோல்வி சொந்தப் பெயர் இருந்தும் சொந்த வேலைத்திட்டம் இல்லாமையின் தோல்வி. முன்னையதற்குத் தனிக்கட்சி மருந்தாயிற்று. பின்னையதற்கு அது மருந்தாகாது.

வேலைத்திட்டம் எனின் அது கரையோர மக்களின் வாழ்வாதாரத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பேரலையில் வீடிழந்தோருக்கென நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் எழுந்த 500 வீடுகள், அவற்றைப் பகிரும் முறை பற்றிய வழக்கும் 2009ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் காரணமாகப் பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. அரசாங்கங்கள் பல மாறின. அவற்றுட் பலவற்றில் கரையோரத்து அமைச்சர்களும் இருந்தனர். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் மணலால் அடைபட்டதோடு அயற்கரையையும் கடல் அரிக்கச் செய்தது. தோணியை இழுத்துவைக்கக் கரையற்ற மீனவர் அதன் விலையைக் கொடுத்தனர். வட்டமடுவில் நெற்செய்கையாளரான முஸ்லிம்களும் கால்நடை வளர்ப்போரான தமிழரும் ஒரே நிலத்துக்காக முரண்பட, வனத்திணைக்களம் இரு சாராருக்கும் மேலாக எல்லைக்கல் இட்டது. இவை மேடையிற் பேசப்பட்ட அளவுக்கு ஆவணப்படுத்தப்படவில்லை. காணி, நீர், கரையோர அரிப்பு ஆகியவை பற்றிய ஊர்வாரியான பதிவேடு ஒன்றைத் தொகுக்கவேனும் கட்சி முன்வருமாயின், எதிர்க்கட்சியில் இருந்தவாறே செய்யத்தக்க முதல் வேலை அதுவாகும். அதற்கு அமைச்சுப் பதவி தேவையில்லை.

அடுத்தது, தமிழ் அயலவருடனான உறவு. கல்முனையில் 1989இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் பிரிவுக்கான உப பிரதேச செயலகத்தின் தகுதி பற்றிய முரண்பாடு முப்பதாண்டுகள் கடந்தும் இழுபட்டு, 2019 ஜூனில் உண்ணாவிரதம் வரை சென்றது. மாவட்டத் தலைமையகம் தமக்குத் தொலைவாகவும் அந்நியமாகவும் இருக்கிறது என்று முஸ்லிம்கள் கூறும் நியாயத்தையே, கல்முனைச் செயலகத்தைப் பற்றித் தமிழர் கூறுகின்றனர். முதலாவது நியாயத்தை ஏற்பவர் இரண்டாவதை மறுப்பது எளிதன்று. அவ்வாறே, 2005இன் சுனாமிப் பொதுக் கட்டமைப்பில் முஸ்லிம்களைக் கைச்சாத்திடும் தரப்பாக ஏற்காத தமிழ் அரசியலும் தன்னை வினாவிக்கொள்ளுதல் வேண்டும். 2015இல் கிழக்கு மாகாண சபையில் முஸ்லிம் காங்கிரஸின் ஹாபிஸ் நஸீர் அகமட் முதலமைச்சராக இருந்த ஆட்சியில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் இணைந்தது. ஆட்சியைப் பகிர்தல் இயலும் என்பதற்கு அது சான்று. அச்சபையின் காலம் முடிந்ததோடு அவ்வுறவும் முடிந்தமை, அது ஊர்மட்டத்தில் வேரூன்றவில்லை என்பதற்குச் சான்று. 2020இல் வாக்குகள் பிரிந்தமையால் தமிழர் இம்மாவட்டத்தில் ஓர் ஆசனமும் பெறாது போயினர்; 2024இல் முஸ்லிம் கட்சிகள் சுருங்கின. கணக்கு இருவருக்கும் ஒரே பாடத்தையே புகட்டுகிறது.

மூன்றாவது, கட்சியின் உள்ளமைப்பு. வேட்பாளர் கொழும்பில் தெரிவாவதும், தேசியப் பட்டியல் ஆசனம் தலைவரின் கையில் இருப்பதும் நீடிக்கும் வரை ஊர்ப்பகை நீடிக்கும். கிளைகள் வேட்பாளரைத் தெரியும் முறை ஏற்படுமாயின், ஒவ்வோர் ஊரும் மற்ற ஊரின் நியாயத்தைக் கேட்க வேண்டிய களம் ஒன்று உருவாகும். வாக்காளரில் அரைப்பங்கினரான பெண்கள், வாக்களிக்கும் நாளில் மட்டும் நினைக்கப்படும் நிலையும் அப்போதே மாறும்.

1977இல் தோற்றவர்கள் அடுத்த தேர்தலுக்கென அவசரப்படவில்லை. நான்கு ஆண்டுகளின் பின்னரே ஒரு கட்சியைத் தொடங்கினர். அக்கட்சி தேர்தலைக் காண மேலும் ஏழு ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்தில் அவர்கள் கேட்ட வினா, நாம் யார் என்பது. அவ்வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. நாம் யாருக்காக, எதைச் செய்வதற்காக என்பது அடுத்த வினா. சாய்ந்தமருதுக் கடற்கரையில் வலை இழுப்பவரும், சம்மாந்துறை வயலில் கூலிக்கு நாற்று நடுபவரும், மருதமுனைத் தறியில் அமர்ந்திருப்பவரும் அதற்குரிய விடையைக் கட்சி அலுவலகங்களிலிருந்து எதிர்பார்க்கின்றனர்.